நிக்கல் கலவையில் அரிய தனிமங்களைக் குறைப்பது எப்படி: கலவைக் காகிதம் முதல் சீவல் தொட்டி வரை

பினாங்கில் டத்தோ கெராமாட் பக்கம் ஈயம் (வெள்ளீயம்) உருக்கிய ஆலையைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். கடலுக்கு அந்தக் கரையில் பட்டர்வொர்த்திலும் 1902-லிருந்து ஓர் ஈய உருக்காலை இருந்தது. ஈயத்தை வடித்த பிறகு கண்ணாடி போலக் கறுத்த கசடு மிஞ்சும். அந்தக் கசடில் டான்டலமும் நயோபியமும் இருந்தன. 1980கள் வரை உலகச் சந்தைக்குப் போன டான்டலத்தில் பெரிய பங்கு தென்கிழக்காசிய ஈயக் கசடிலிருந்து வந்தது. தாய்லாந்துக் கசடில் கூடுதல், நம் கசடில் குறைவு, ஆனாலும் இருந்தது. பேராக் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) மிஞ்சிய அமாங் மணலிலும் சிர்கான் உண்டு, அதிலிருந்து ஹாஃப்னியம் எடுக்கலாம். ஜெட் எஞ்சினின் சூடான பகுதியில் சுழலும் பிளேடுக்குள் டான்டலம், ஹாஃப்னியம் இரண்டும் இருக்கின்றன.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அரிய தனிமம் என்றாலே காங்கோவும் சீலேயும் (சிலி)தான் நினைவுக்கு வருகின்றன. நம் காலடியிலேயே கழிவு என்று கிடந்ததும் அரிய தனிமம்தான். அந்த பிளேடை வார்க்கும் உயர்வெப்ப நிக்கல் கலவையில் கோபால்ட், ரீனியம், டான்டலம், நயோபியம், குரோமியம் போன்றவற்றைக் குறைக்க வேண்டும் என்று வரும் இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் நேராகக் கலவைக் காகிதத்தைக் கையில் எடுக்கிறார்கள். எந்த எண்ணைக் குறைக்கலாம் என்று பார்க்கிறார்கள். பல ஆண்டுகள் வார்ப்பையும் பழுதான பாகங்களையும் பார்த்த பிறகு எனக்குப் பட்டது வேறு. தனிமத்தைக் குறைப்பது என்றால் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைப்பது. அந்த ஒப்படைப்பு சரியாக நடந்ததா என்று பார்ப்பதுதான் முழு வேலை. கலவையைத் தொடாமலேயே மிச்சம் பிடிக்கக்கூடியதும் நிறைய இருக்கிறது.

நிபோங் திபாலில் பொருளறிவியல் படிக்கும் பிள்ளைகளையும், பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் வேலை செய்யும் தம்பி தங்கைகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு எது அரியது என்று முடிவு செய்யுங்கள்

விலை அதிகம் என்பதும் அரியது என்பதும் ஒன்றல்ல. மூன்று கேள்விகள் போதும். எத்தனை நாடுகளிலிருந்து வருகிறது? வேறொரு உலோகத்தின் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் துணைப்பொருளா? நின்றுபோனால் உங்கள் பாகம் எத்தனை மாதம் தாங்கும்?

ரீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு 50, 60 டன் அளவுதான் புதிதாகக் கிடைக்கிறது. செம்புச் சுரங்கத்தில் செம்போடு மாலிப்டினம் வருகிறது, மாலிப்டினத் தாதுவை வறுக்கும்போது புகையோடு ரீனியம் ஆக்சைடாகப் பறக்கிறது, அதைப் பிடித்துச் சேர்க்கிறார்கள். அதிகம் தருவது சீலே. ரீனியம் வேண்டும் என்பதற்காக யாரும் செம்புச் சுரங்கத்தைப் பெரிதாக்க மாட்டார்கள். தேவை கூடினால் அளவு கூடாது, விலைதான் கூடும். 2008-ல் கிலோ 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதற்கு முன்பே, 2005 வாக்கில், ரீனியத்தைக் குறைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது.

கோபால்ட் வேறு மாதிரி. உலக உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு காங்கோவிலிருந்து. 1978 மே மாதம் அன்றைய ஸயரின் (இன்றைய காங்கோ) ஷாபா மாநிலத்தில் கொல்வேசி நகரம் தாக்கப்பட்டபோது, பவுண்டு 7 டாலருக்கும் குறைவாக இருந்த கோபால்ட் அடுத்த ஆண்டில் 25 டாலரானது. அந்த அடியில்தான் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 1980களின் தொடக்கத்தில் கோபால்ட், நயோபியம், டான்டலம், குரோமியம் நான்கையும் குறைக்கும் திட்டத்தை எடுத்தது. இந்தத் துறையில் இன்றும் நாம் படிக்கும் பாடங்களில் பல அங்கிருந்து வந்தவை. நயோபியத்தில் பத்தில் ஒன்பது பங்கு பிரேசில். வழங்கல் நிலையாக இருக்கிறது, ஆனால் ஒரே கூடையில் இருக்கிறது.

படி 2: ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் தனிமம், வலப்பக்கம் அது செய்யும் வேலை என்று நீங்களே எழுத வேண்டும்.

சூப்பர் அலாய் என்று சொல்லும் இந்த உயர்வெப்ப நிக்கல் கலவைக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. காமா என்பது அடித்தளம். அதற்குள் கனசதுரக் கட்டிகளாக நிற்பது காமா-பிரைம், நிக்கலும் அலுமினியமும் மூன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காக அடுக்கிய பொருள். முழு பிளேடும் ஒரே படிகமாக உறையும்படி வார்த்த ஒற்றைப் படிக பிளேடுகளில் கன அளவில் நூற்றுக்கு எழுபது வரை காமா-பிரைம்தான். கட்டிகளுக்கு இடையே உள்ள காமா, செங்கல்லுக்கு இடையே உள்ள சாந்து போல மெல்லியது. பிளேடு சூட்டில் மெல்ல மெல்ல நீளும் க்ரீப் பெரும்பாலும் அந்தச் சாந்துக்குள்ளேதான் தொடங்குகிறது.

ரீனியம் அந்தச் சாந்துக்குள் போய் உட்காரும். அணு பெரியது, நகர்வது மிக மெதுவாக. அதனால் மற்ற அணுக்களின் நடமாட்டமும் மெதுவாகிறது, காமா-பிரைம் கட்டிகள் பருத்துப்போவது தள்ளிப்போகிறது. ரீனியம் இல்லாத முதல் தலைமுறை ஒற்றைப் படிகக் கலவைகளிலிருந்து 3 சதவீதம் உள்ள இரண்டாம் தலைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 30 டிகிரி கூடுதல் சூடு தாங்கியது. சிஎம்எஸ்எக்ஸ்-4, ரெனே என்5 இரண்டும் அந்தத் தலைமுறை. மூன்றாம் தலைமுறையில் 5, 6 சதவீதம் வரை போனார்கள்.

டான்டலம் காமா-பிரைமுக்குள் போய் அதை வலுவாக்குகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வார்க்கும்போது டங்ஸ்டனும் ரீனியமும் முதலில் உறையும் கிளைகளில் சேர்ந்துகொள்ளும், மிச்சத் திரவம் லேசாகி மேலே எழும்பும், வார்ப்பில் சங்கிலி போலப் புள்ளிகள் விழும். டான்டலம் அந்தக் கடைசித் திரவத்தில் சேர்ந்து அதற்குக் கனம் கொடுக்கிறது, புள்ளி விழுவது குறைகிறது. டான்டலத்தை எடுத்துவிட்டால் க்ரீப் சோதனைக்கு முன்பே வார்ப்பறையில் தோற்றுப்போவீர்கள்.

கோபால்ட்டின் வேலை கண்ணுக்குத் தெரியாதது. காமாவுக்குள் அடுக்குப் பிழை ஆற்றலை, அதாவது அணு அடுக்கு வரிசை தவறி அமைய வேண்டிய ஆற்றலைக் குறைக்கிறது, அதனால் பிசகுகள் (படிகத்துக்குள் நகரும் கோட்டுக் குறைகள்) குறுக்கே தாவுவது கடினமாகிறது. அலுமினியமும் டைட்டானியமும் காமாவில் எவ்வளவு கரையும் என்பதையும் மாற்றுகிறது. அடித்து உருவாக்கும் கலவைகளில் வேலைப்பாட்டுக்கும் உதவுகிறது.

நயோபியம் இன்கோனெல் 718 என்ற கலவையில் தலைவன். சுமார் 5 சதவீதம், காமா-இருபிரைம் என்ற தனி வலுவூட்டியையே அதுதான் உருவாக்குகிறது. அங்கே நயோபியத்தைக் குறைத்தால் ஒரு சுவரை இடித்த மாதிரி. ஆனால் ஐஎன்713சி போன்ற வார்ப்புக் கலவையில் அது 2 சதவீதம் அளவில் துணை ஆள்தான்.

குரோமியத்தைப் பற்றிக் கடலோரத்தில் இருக்கும் நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் வேலை துருவையும் சூட்டு அரிப்பையும் தடுப்பது. கடல் உப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து பிளேடு மேல் சோடியம் சல்பேட்டாகப் படியும். 650 முதல் 750 டிகிரியில் ஒரு வகை அரிப்பு, 850 முதல் 950-ல் இன்னொரு வகை. பிறையில் 1,071 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் நீரிணைப் பக்கமாகவே நிற்கிறது. இயற்கை எரிவாயுவில் கந்தகம் குறைவு, காற்று வடிகட்டியும் இருக்கிறது, சரி. ஆனாலும் உப்புக் காற்று உப்புக் காற்றுதான். 16 சதவீதம் குரோமியம் உள்ள ஐஎன்738-ஐ 8 சதவீதக் கலவையால் மாற்றலாம் என்று யாராவது சொன்னால், காற்று வடிகட்டியின் நிலையையும் பிளேடின் பூச்சையும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

படி 3: அந்தச் சூடு உண்மையிலேயே இருக்கிறதா?

வரைபடத்தில் ஒரு கலவை பெயர் எழுதியிருப்பதாலேயே அந்த இடத்துக்கு அது தேவை என்றாகாது. முப்பது வருடத்துக்கு முன் பாதுகாப்புக்காக ஒரு படி மேலே தேர்ந்தெடுத்திருப்பார்கள், அப்புறம் குளிர்விப்பு மேம்பட்டிருக்கும், கலவை மட்டும் மாறாமல் இருக்கும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். லார்சன்-மில்லர் எண் என்பது கெல்வின் வெப்பநிலையை, 20-உடன் ஆயுள் மணிநேரத்தின் மடக்கையைக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் வருவது. 1255 கெல்வினில், அதாவது 982 டிகிரியில், ஒரு பாகம் 100 மணிநேரம் தாங்குகிறது என்று வையுங்கள். எண் 27,610. அதே சுமையில் 25 டிகிரி குறைத்து 1230 கெல்வினில் பார்த்தால் 280 மணிநேரம். 25 டிகிரியில் ஆயுள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உலோகத்தின் உண்மையான சூட்டை 25 டிகிரி கூடுதலாக ஊகித்தால், தேவையில்லாத இடத்தில் 3 சதவீத ரீனியத்தைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். குறைவாக ஊகித்தால் பிளேடு உடையும்.

ஓடி முடித்துக் கழற்றிய பிளேடை வெட்டி, காமா-பிரைம் எந்த அளவுக்குப் பருத்திருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அது எந்தச் சூட்டில் வாழ்ந்தது என்று ஓரளவு கணிக்கலாம். பழைய பிளேடைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத தகவல் அது.

அப்புறம், ஒரே பாகத்துக்குள் எல்லா இடமும் ஒரே சூடு இல்லை. பிளேடின் நடுப்பகுதிதான் கொதிக்கிறது, வேர் குளிர்ச்சி. முதல் வரிசைக்கு ரீனியம் தேவைப்படலாம், மூன்றாம் வரிசைக்குத் தேவையில்லை. டர்போசார்ஜர் சக்கரங்களில் பல காலமாக ஓடும் ஐஎன்713சி-யில் கோபால்ட்டே சேர்ப்பதில்லை.

படி 4: காகிதத்தில் மாற்றிப் பாருங்கள், எடையில் அல்ல, அணு எண்ணிக்கையில்

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கலவைத் தாளில் எடைச் சதவீதம் இருக்கும். அணுக்களோ எண்ணிக்கையில்தான் வேலை செய்கின்றன. சிஎம்எஸ்எக்ஸ்-4-ல் 3 எடைச் சதவீத ரீனியம் என்பது நூறு அணுவுக்கு ஏறத்தாழ ஓர் அணுதான். 9 சதவீத கோபால்ட் என்பது நூறுக்கு ஒன்பதேகால் அணு. ரீனியமும் டங்ஸ்டனும் அணு எடையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவற்றை மாற்றினால் எண் ஏறக்குறைய சமம். ரீனியத்துக்குப் பதில் மாலிப்டினம் என்றால் பாதி எடை போதும், பாகமும் லேசாகும்.

அடுத்து, வேண்டாத கட்டங்கள் (கலவைக்குள் தனியாகப் பிரிந்து வளரும் படிக வகைகள்) முளைக்குமா என்று பார்க்க வேண்டும். சிக்மா, மியூ, பி என்று ஊசி ஊசியாக வளரும் இவை காமாவிலிருந்து ரீனியத்தையும் டங்ஸ்டனையும் உறிஞ்சிவிடும், விரிசலுக்கும் வழி போடும். இதைக் கணிக்க மொரினாகாவும் அவர் குழுவினரும் 1984-ல் வெளியிட்ட எம்-டி முறை கைக்கணக்குக்கு நல்லது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் எண்: நிக்கல் 0.717, கோபால்ட் 0.777, குரோமியம் 1.142, மாலிப்டினம் 1.550, டங்ஸ்டன் 1.655. காமாவில் இருக்கும் அணுப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் ஒரு சராசரி வரும். 0.915-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல் போனால் எச்சரிக்கை.

கோபால்ட்டை எடுத்து நிக்கல் போட்டால் இந்தச் சராசரி சற்றுக் குறையும், நல்லது. ரீனியத்துக்குப் பதில் டங்ஸ்டன் போட்டால் ஏறும். அதனால் டங்ஸ்டனைக் கூட்டும் இடத்தில் குரோமியத்தையோ மாலிப்டினத்தையோ கொஞ்சம் இறக்கிச் சமன் செய்ய வேண்டி வரும், குரோமியத்தை இறக்கினால் முன்பு சொன்ன உப்பு அரிப்பு வந்து நிற்கும். ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். ரீனியத்தின் விஷயத்தில் இந்த முறை அதன் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். ரீனியம் அதிகமுள்ள கலவைகளில் வேண்டாத கட்டங்கள் கணக்கைவிடச் சுலபமாக வருகின்றன.

வெப்ப இயக்கவியல் மென்பொருள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியின் எர்லாங்கனில் ரீனியமே இல்லாத, எடை குறைந்த ஓர் ஒற்றைப் படிகக் கலவையை அப்படிக் கணினியில் பல இலக்குகளை ஒரே நேரத்தில் தேடித்தான் உருவாக்கினார்கள். ஆனால் மென்பொருள் சொல்வது சமநிலை. உங்கள் வார்ப்பு சமநிலையில் இருக்காது.

எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் பாதி. ரெனே என்5-ல் 3 சதவீதமாக இருந்த ரீனியத்தை ஜெனரல் எலக்ட்ரிக் ரெனே என்515-ல் 1.5 ஆக்கியது. கேனன்-மஸ்கீகன் நிறுவனத்தின் சிஎம்எஸ்எக்ஸ்-8-லும் 1.5 சதவீதம். ரீனியமே இல்லாத சிஎம்எஸ்எக்ஸ்-7 அதற்குப் பிறகான படி. பாதி வரை இறங்கும்போது மற்ற தனிமங்கள் தோள் கொடுக்கும். முழுக்க எடுத்தால் பாகத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டி வரலாம்.

படி 5: சிறிய உருக்கு

ஒரே நேரத்தில் மூன்று தனிமத்தை மாற்றாதீர்கள். ஒரு தொடர் செய்யுங்கள்: பழைய அளவு, முக்கால், பாதி, பூஜ்யம். பூஜ்யத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது தோற்கும் என்று தெரிந்தாலும், எந்தப் பக்கமாகத் தோற்கிறது என்று அதுதான் சொல்லிக்கொடுக்கும். வெற்றிட உலையில் உருக்கி, கந்தகத்தையும் ஆக்சிஜனையும் எல்லா வார்ப்பிலும் ஒரே அளவில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கந்தகம் செய்த வேலைக்குக் கோபால்ட் பழி சுமக்கும்.

படி 6: பழைய சூட்டுச் செய்முறையைப் புதிய கலவைக்குப் போடாதீர்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டதால் நல்ல கலவைகள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

யூடிமெட் 700 என்ற கலவையில் 17 சதவீதத்துக்கு மேல் கோபால்ட் உண்டு. 1980களின் ஆய்வில் அதைப் படிப்படியாகக் குறைத்தபோது காமா-பிரைம் முழுதாகக் கரையும் வெப்பநிலை மேலே நகர்ந்தது. பழைய செய்முறைப்படி அதே டிகிரியில் கரைசல் சூடேற்றினால், கோபால்ட் குறைந்த கலவையில் காமா-பிரைமின் ஒரு பகுதி கரையாமல் பெரிய பெரிய துண்டுகளாக நின்றுவிடும். குளிரும்போது நுண்ணிய காமா-பிரைம் உருவாக அலுமினியமும் டைட்டானியமும் குறைந்துவிடும். வலு விழும். பார்ப்பவர் என்ன சொல்வார்? கோபால்ட்டை எடுத்ததால் வலு போயிற்று என்பார். கோபால்ட் போனது பாதிக் காரணம், பழைய செய்முறை மீதிக் காரணம். கரையும் வெப்பநிலையை ஒட்டிச் செய்முறையை நகர்த்தினால் வலுவின் பெரும் பகுதி திரும்ப வருகிறது.

அதனால் ஒவ்வொரு புதிய கலவைக்கும் முதல் வேலை, கரையும் வெப்பநிலையையும் உருகத் தொடங்கும் வெப்பநிலையையும் அளப்பது. வெப்ப வேறுபாட்டு ஆய்வுக் கருவியில் சில கிராம் போதும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் ஜன்னல். ஜன்னல் சிறியதாக இருந்தால் ஒரே தாவலில் ஏறாமல், படிப்படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றுங்கள். உறைந்தபோது பிரிந்து நின்ற தனிமங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கலக்கும், உருகும் வெப்பநிலை மேலே தள்ளிப்போகும். சிஎம்எஸ்எக்ஸ்-4-ஐ அப்படித்தான் 1300 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அதன் முதிர்வூட்டல், அதாவது காமா-பிரைமை வேண்டிய அளவுக்கு வளர்க்கும் சூடேற்றல், 1140 டிகிரியில் 6 மணிநேரம், பிறகு 870 டிகிரியில் 20 மணிநேரம். ரீனியத்தைக் குறைத்தால் பிரிந்து நிற்பதும் குறைகிறது, கரைசல் சூடேற்றல் எளிதாகிறது. குறைப்பதால் கிடைக்கும் நன்மையையும் கணக்கில் எழுதுங்கள்.

படி 7: சோதனை, அவசரமில்லாமல்

வாஸ்பலாய் என்ற கலவை தந்த பாடம் ஒன்று உண்டு. அதில் 13 சதவீதம் கோபால்ட். குறைத்துப் பார்த்தபோது இழுவிசை வலு பெரிதாக மாறவில்லை. அந்த ஒரு சோதனையோடு நிறுத்தியிருந்தால் வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். நீண்ட நேரச் சுமையில் முறியும் ஆயுளைப் பார்த்தபோதுதான் விழுந்தது தெரிந்தது. ஐந்து நிமிட இழுவைக்கும் ஆயிரம் மணிநேரச் சுமைக்கும் கலவை வேறு வேறு பதில் சொல்லும்.

குறைந்தது இவை வேண்டும்: இரண்டு மூன்று வெப்பநிலைகளில் க்ரீப், சுமை இல்லாமல் ஆயிரம் மணிநேரம் சூட்டில் வைத்து வேண்டாத கட்டங்களைத் தேடுவது, சூடு-குளிர் மாறிமாறிக் கொடுத்து ஆக்சைடு உதிர்கிறதா என்று எடை பார்ப்பது, உப்பு பூசி அரிப்புச் சோதனை. கடைசியைப் பினாங்கில் இருக்கும் நாம் விடவே கூடாது. பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் டிஸ்க் பாகம் என்றால் களைப்பு விரிசல் வளர்ச்சியும் சேரும். குறுகிய நேரத்தை வைத்து நீண்ட நேரத்தை லார்சன்-மில்லரில் நீட்டிக் கணிக்கும்போது, இடையில் புதிய கட்டம் எதுவும் முளைக்கவில்லை என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நீட்டுங்கள்.

படி 8: கலவையைத் தொடாமல் மிச்சம் பிடிப்பது

இதைப் பின்னால் வைத்தாலும் வேலையில் முதலில் தொடங்க வேண்டியது இதுதான்.

லிட்டில் இந்தியா பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பத்தர் இருந்தார். அவர் பட்டறைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மடி. மரப்பலகைக்குக் கீழே தோல் மடி கட்டியிருப்பார், ராவும் தூள் அதில் விழும். மாலையில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே போடமாட்டார். கை கழுவும் தண்ணீரும் ஒரு வாளியில் சேரும். நான் அதைக் கேட்டபோது, "தம்பி, 916 தூளும் 750 தூளும் ஒண்ணா விழுந்துட்டா அது தங்கம்தான், ஆனா எந்த நகைக்கும் ஆகாது. பிரிச்சு வைக்கிறதுலதான் காசு இருக்கு" என்றார். எங்கள் தொழிலுக்கு அதைவிடச் சரியான பாடம் எனக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிளேடு 300 கிராம், 70 பிளேடு, ரீனியம் 3 சதவீதம் என்று வைத்தால் பிளேடுகளில் 630 கிராம் ரீனியம். பாதியாக்கினால் 315 கிராம் மிச்சம், அதற்குப் பல ஆண்டு ஆய்வு. ஆனால் வார்க்கும்போது ஊற்றும் உலோகத்தில் பாதி, அச்சுக்கு உலோகம் ஓடும் வழியான ஓடுகாலிலும் ஊற்றுக் கிண்ணத்திலும் உறைந்து நிற்கிறது என்று வையுங்கள். அதில் இன்னொரு 630 கிராம். அதைச் சுத்தமாகத் திரும்ப உலைக்குக் கொண்டுவந்தால், கலவையை மாற்றிக் கிடைக்கும் மிச்சத்தைவிட இரண்டு மடங்கு.

டிஸ்க் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அடித்து உருவாக்கிக் கடைந்து எடுக்கும் பாகங்களில் வாங்கிய உலோகத்தின் பெரும் பகுதி சீவலாகப் போவது சாதாரணம். சீவலில் வெட்டு எண்ணெய் ஒட்டியிருக்கும், கந்தகமும் அதோடு வரும், வெட்டுக்கருவியின் டங்ஸ்டன் கார்பைடு துணுக்கும் கலந்திருக்கும்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு பட்டறையில் இருந்தேன். கோபால்ட் இல்லாத கலவையின் சீவலும் கோபால்ட் நிறைந்த கலவையின் சீவலும் ஒரே நிறத் தொட்டியில், ஒரே இரவு ஷிப்டில் சேர்ந்தன. தொட்டியில் பெயர் எழுதியிருந்தது, பேனா மை எண்ணெயில் அழிந்துபோயிருந்தது. பல நூறு கிலோ. எஞ்சின் தரத்தில் திரும்ப வந்திருக்க வேண்டிய உலோகம் துருப்பிடிக்காத எஃகு ஆலைக்கு நிக்கல் விலைக்குப் போனது. அங்கே கோபால்ட்டும் நயோபியமும் அசுத்தம் மட்டுமே. அன்றைக்கு மனசு கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

அதனால் நான் சொல்லும் முறை இது. கலவைக்கு ஒரு நிறம், தொட்டிக்கு மூடி, பெயரைப் பேனாவில் எழுதாமல் உலோகத் தகட்டில் பொறித்துக் கட்டுங்கள். ஒரு எந்திரத்தில் கலவை மாறும்போது சீவல் தட்டைக் கழுவிய பிறகே அடுத்த வேலை. கையடக்க எக்ஸ்-கதிர் துப்பாக்கியால் ஒவ்வொரு தொட்டியையும் சுடுங்கள், ஆனால் அதன் குறையையும் தெரிந்து வைத்திருங்கள். கார்பனும் போரானும் அதற்குத் தெரியாது, அலுமினியத்தில் கண் மங்கல். டங்ஸ்டன், ரீனியக் கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் விழும், நிக்கலின் ஒரு கோடு டான்டலக் கோட்டின் மேலேயே விழும். அதே கலவையின் தரக்கட்டியை அருகில் வைத்து ஒப்பிடாமல் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

ஓடுகால் உலோகத்தைத் திரும்பப் போடும்போது ஒட்டியிருக்கும் பீங்கான் ஓட்டை முழுக்க உதிர்த்து, மணல் வீச்சுக் கொடுத்துச் சுத்தப்படுத்த வேண்டும். சிலிக்கான், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் நான்கையும் ஒவ்வோர் உருக்கிலும் அளக்க வேண்டும். கந்தகம் பத்து லட்சத்தில் சில பங்கு ஏறினாலே ஆக்சைடுத் தோல் உரிந்து விழத் தொடங்கும். முதலில் புதிய உலோகத்தோடு சிறு பங்கு கலந்து, சோதித்து, பங்கை மெல்லக் கூட்டுங்கள். ஓடுகாலின் வடிவத்தை மாற்றியே கழிவைக் குறைப்பது இன்னும் மேல். கழிவே வராவிட்டால் சுத்தப்படுத்தும் வேலையும் இல்லை.

ஆயுளை நீட்டுவதும் இதே கணக்கில் சேரும். பிளேடின் முனையை வெல்டிங்கில் நிரப்பி, பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசி, மீட்புச் சூடேற்றல் கொடுத்து, உள்ளே விழுந்த நுண் குழிகளை உயர் அழுத்தச் சூட்டில் மூடினால் ஒரு பிளேடு இன்னொரு சுற்று ஓடலாம். அந்தச் சுற்றுக்குப் புதிய ரீனியம் ஒரு கிராம்கூடத் தேவையில்லை. அலுமினியப் பூச்சு, வெப்பத் தடுப்புப் பீங்கான் பூச்சு இரண்டும் நன்றாக நின்றால், உள்ளே இருக்கும் கலவைக்குக் குறைந்த குரோமியமும் குறைந்த சூடும் போதும். பூச்சையும் கலவையையும் இரண்டு தனித்தனி ஆட்கள் பார்க்கும் இடங்களில் இந்த மிச்சம் யார் கையிலும் அகப்படாமல் போகிறது.

படி 9: பதிவு

புதிய கலவை எஞ்சினுக்குள் போகும் அனுமதி வர ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆள் மாறுவார்கள். ஒவ்வோர் உருக்கு எண்ணுக்கும் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டு, கலவை அளவு, எவ்வளவு பழைய உலோகம் சேர்ந்தது, கரையும் வெப்பநிலை, சூட்டுச் செய்முறை, க்ரீப் ஆயுள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அதோடு வையுங்கள். தோற்ற உருக்குகளின் துண்டும் அதே அலமாரியில் இருக்கட்டும். பூஜ்ய கோபால்ட் வார்ப்பு ஏன் விழுந்தது என்று அடுத்து வரும் பொறியாளர் கேட்கும்போது, அந்தத் துண்டை எடுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைக்க வேண்டியிருக்கும்.